ஒரு கம்பி வளைந்த கதை

ரோட் பைக் வாங்கியவர் அடுத்து வாங்குவது பெரும்பாலும் பாட்டில் கேஜ். இரண்டு போல்ட், வளைந்த கம்பி, அவ்வளவுதானே என்று கடைக்குப் போவார். அங்கே அலுமினியம், ஸ்டீல், பிளாஸ்டிக், கார்பன், டைட்டானியம் என்று ஒரு சுவர் முழுக்கத் தொங்கும். மேல்நோக்கி உருவுவது ஒரு வகை, பக்கவாட்டில் எடுப்பது இன்னொரு வகை. விலை சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரத்தில் போய் நிற்கும். விற்பவர் முதலில் சொல்வது எடைக் கணக்கு. ஆனால் எடை என்பது இந்தப் பொருளின் வாழ்க்கையில் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்ட கவலை. அதற்கு முன்பே இந்தக் கம்பியை வளைத்து முடித்தவர்கள் வேறு ஆட்கள்: ரசாயன ஆலைக்காரர்கள், வியர்வைக்கு மருந்து விற்ற ஒரு டாக்டர், பற்றவைப்புக்குப் பயந்த ஃபிரேம் தச்சர்கள், பந்தய விதி எழுதியவர்கள்.

கதை 1886-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்ஸில் பால் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863-ல் பிறந்தவர்கள், இருவரும் 1914-ல் இறந்தவர்கள் என்பது கூடுதல் வியப்பு. அதுவரை அரிய உலோகமாக இருந்த அலுமினியம் சில ஆண்டுகளில் சமையல் பாத்திரமாகவும், சிப்பாயின் இடுப்பில் தொங்கும் தண்ணீர்க் குப்பியாகவும் மாறியது. துருப்பிடிக்காது, கண்ணாடிபோல் உடையாது, எடையும் இல்லை. சைக்கிள் பந்தயக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

அவருக்குத் தாகம் எடுக்கக் காரணங்கள் நிறைய இருந்தன. 1903-ல் நடந்த முதல் டூர் தெ பிரான்ஸ் ஆறே கட்டங்களில் 2,428 கிலோமீட்டர் ஓடியது. முதல் கட்டம் மட்டும், பாரிஸ் புறநகரிலிருந்து லியோன்வரை, 467 கிலோமீட்டர். கிளம்பியவர்கள் 60 பேர், முடித்தவர்கள் 21 பேர். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் பாட்டிலை ஹேண்டில்பாரின் முன்னால் கட்டிக்கொண்டார்கள். கார்க் மூடி போட்ட இரண்டு அலுமினியக் குப்பிகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரு கம்பிக் கூட்டுக்குள் நிற்கும். இடம் விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் புழுதியும் சேறும் நிறைந்த சாலையில் முன்சக்கரம் வாரி இறைப்பதெல்லாம் கீழே ஃபிரேமின்மேல்தான் விழும். வாய் வைத்துக் குடிக்கும் பொருளுக்கு ஹேண்டில்பாரே சுத்தமான இடம். கையும் அங்கேதான் இருக்கிறது.

அந்த இரண்டு குப்பிகள் எந்தக் காலத்திலும் போதவில்லை. வண்டியிலிருந்து யாரும் எதையும் கொடுக்கக் கூடாது என்று விதிகள் கெடுபிடி காட்டியதால், வெயில் நாட்களில் பந்தயக்காரர்கள் வழியில் இருக்கும் மதுக்கடைகளுக்குள் கூட்டமாகப் புகுந்து கையில் கிடைத்ததை அள்ளி வந்தார்கள். பீர், எலுமிச்சைச் சாறு, சோடா, எதுவும் தப்பவில்லை. 1935-ல் போ நகரிலிருந்து போர்தோவுக்கு ஓடிய நாளில் சாலையோரம் குளிர்ந்த பீர் காத்திருந்தது. கூட்டம் நின்று குடித்தது. ஜூலியன் முவானோ மட்டும் நிற்காமல் மிதித்து, கால் மணி நேரத்துக்கும் அதிகமான இடைவெளியில் வென்றார். பீரை வைத்ததே அவருடைய ஆட்கள்தான் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

1930களுக்குப் பிறகு பாட்டில் மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. சாலைகளுக்குத் தார் வந்தது, சேறு குறைந்தது. ஹேண்டில்பாரில் ஒரு கிலோவுக்கு மேல் தொங்கினால் வண்டியைத் திருப்புவது கனக்கிறது என்பதும் உறைத்தது. பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரே பகுதியில் அலெக்ஸ் சிங்கர் போன்ற கைவினைஞர்கள் நெடும்பயண சைக்கிள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கு, மட்கார்டு, பாட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் ஃபிரேமிலேயே தனி இடம் ஒதுக்குவது அவர்கள் பாணி. பந்தயக்காரர்களோ பாதி வழியில் நின்றார்கள்: ஹேண்டில்பாரில் ஒன்று, ஃபிரேமின் சாய்ந்த கீழ்க்குழாயான டவுன்டியூபில் ஒன்று. 1952 டூரில் ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் இத்தாலியின் இரு போட்டி நட்சத்திரங்களான ஃபௌஸ்தோ கோப்பியும் ஜினோ பார்த்தாலியும் ஒரு பாட்டிலைக் கைமாற்றும் புகைப்படத்தை கார்லோ மார்த்தினி எடுத்தார். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இத்தாலி பல பத்தாண்டுகளாக வழக்காடிக்கொண்டிருக்கிறது. 1960களில் ஹேண்டில்பார் கூடு பந்தயங்களிலிருந்து மறைந்தது.

இதற்கிடையே பாட்டிலின் உடம்பே மாறிவிட்டது. 1933-ல் இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் எத்திலீன் வாயுவைக் கடும் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். கலத்தின் உள்ளே மெழுகுபோல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மறுபடி செய்தால் வரவில்லை, சில சமயம் வெடித்தது. தற்செயலாகக் கலந்த துளி ஆக்ஸிஜன்தான் முதல் முறை வேலை செய்தது என்று புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. அப்படிப் பிறந்தது பாலித்தீன். போர்க்காலத்தில் அது ராடார் கேபிளுக்கு உறையானது. போர் முடிந்ததும் வேலை தேடி அலைந்த பாலித்தீனுக்கு 1947-ல் அமெரிக்காவில் ஜூல்ஸ் மான்டினியர் என்ற டாக்டர் வழிகாட்டினார். ‘ஸ்டாப்பெட்’ என்ற தன் வியர்வை மருந்தை, அமுக்கினால் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்றார். அக்குளுக்குப் பயன்பட்டது பந்தயக்காரரின் வாய்க்கும் பயன்படும் என்று தெரிய நாளாகவில்லை. 1950களில் அலுமினியக் குப்பி ஓரங்கட்டப்பட்டது. கார்க்கைப் பிடுங்கும் வேலை போயிற்று. பல்லால் மூடியை இழுத்து, ஒரு கையால் அமுக்கினால் தண்ணீர்.

கேஜ் இதற்கு ஏற்ப வளைய வேண்டியிருந்தது. உலோகக் குப்பியை எங்கே இறுக்கினாலும் நிற்கும். மெத்தென்ற பிளாஸ்டிக் நழுவும். அதனால் பாட்டிலின் மேல்பகுதியில் ஒரு பள்ளம் விழுந்தது. கேஜில் அந்தப் பள்ளத்துக்குள் போய் அமரும் ஒரு நாக்கு முளைத்தது. இடுப்பில் குடம் தூக்குபவர் அதன் கழுத்தை வளைத்துப் பிடிப்பதுபோல, பிடி கழுத்துக்கு ஏறியது. பாட்டிலின் குறுக்களவும் ஏறத்தாழ 73–74 மில்லிமீட்டரில் நிலைத்தது. பெட்டிக்கடையில் வாங்கும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் உங்கள் கேஜில் கடகடவென்று ஆடக் காரணம் இதுதான். அது வேறு குடும்பத்துப் பிள்ளை.

போல்ட்டின் கதை பயத்தின் கதை. மெல்லிய எஃகுக் குழாயில் துளையிட்டு மரையைப் பற்றவைத்தால் சூடு பட்டு ஃபிரேம் பலவீனமாகும் என்று பந்தய ஃபிரேம் செய்தவர்கள் நெடுநாள் தயங்கினார்கள். அதனால் கேஜைத் தகட்டுப் பட்டையால் குழாயோடு சேர்த்து இறுக்கினார்கள். பட்டை வழுக்கியது, பெயிண்ட்டைச் சுரண்டியது. நெடும்பயண சைக்கிள்காரர்கள் 1940களிலேயே துணிந்து செய்துவிட்டதைப் பந்தய உலகம் 1970களில்தான் ஏற்றுக்கொண்டது. இன்று எங்கே போனாலும் இரண்டு துளைகளுக்கு இடையே 64 மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் போல்ட். 1980களின் இத்தாலிய ஃபிரேமில் நேற்று வாங்கிய தைவான் கேஜ் பொருந்துகிறது. பேரிங், சக்கர அச்சு என்று பலவற்றில் ஒத்துப்போகாத சைக்கிள் தொழிலில் இது சின்ன அதிசயம்.

கேஜ் எத்தனை வேண்டும் என்பதைத் தீர்மானித்தது மருத்துவ நம்பிக்கை. தண்ணீர் அதிகம் குடித்தால் உடம்பு கனக்கும் என்று பழைய பந்தயத் தலைமுறை நம்பியது. 1960களின் டூரில் ஒரு கட்டத்துக்கு நான்கு பாட்டில் என்று வரம்பே இருந்தது. மலையேற்றம் தொடங்கும் முன் பிரெஞ்சுப் பந்தயக்காரர் ஜாக் ஆங்கெத்தில் பாட்டிலைக் கேஜிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார், சைக்கிள் லேசாகுமாம். நெதர்லாந்து எழுத்தாளர் டிம் கிராபே 1978-ல் வந்த தன் சைக்கிள் நாவலில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பழைய புகைப்படங்களில் பாட்டில் கேஜிலேயே இருப்பதையும் போட்டு உடைத்தார். பிறகு உடற்பயிற்சி மருத்துவம் குடிக்கச் சொன்னது. 1980களில் இருக்கைக்குக் கீழே நிற்கும் சீட் டியூபிலும் இரண்டு துளைகள் வந்தன.

அதே காலத்தில் காற்றை ஏமாற்றும் ஆசையும் வந்தது. கம்பக்னோலோ நிறுவனம் தட்டையான பாட்டிலையும் அதற்கே உரிய கேஜையும் விற்றது. அழகுதான், ஆனால் அந்தப் பாட்டில் தொலைந்தால் அந்தக் கேஜுக்கு வேலையில்லை. பாட்டில் என்ற பெயரில் காற்றைக் கிழிக்கும் கவசங்கள் பெருகவே, உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ 2013-ல் அளவு வகுத்தது: குறுக்களவு 4 முதல் 10 சென்டிமீட்டருக்குள், கொள்ளளவு 400 முதல் 800 மில்லிக்குள், இடம் டவுன்டியூபும் சீட் டியூபும் மட்டும்.

கேஜையே ஒழிக்கப் பார்த்தவர்களும் உண்டு. 1980களின் இறுதியில் டெக்ஸாஸின் கொதிக்கும் வெயிலில் நடந்த நூறு மைல் சைக்கிள் ஓட்டத்துக்கு, ஆம்புலன்ஸ் பணியாளரான மைக்கேல் ஐட்சன், குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, நீளமான காலுறைக்குள் திணித்து முதுகில் கட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து பிறந்ததுதான் கேமல்பேக் என்ற முதுகுத் தண்ணீர்ப்பை. மலைப்பாதைக்காரர்கள் தழுவிக்கொண்டார்கள். முதுகில் சுமையை விரும்பாத ரோட் பைக்காரர்கள் கேஜை விடவில்லை. 1979-ல் தொடங்கிய எலீட் போன்ற இத்தாலிய நிறுவனங்கள் அலுமினியக் குழாயை வளைத்தன, கொலராடோவின் டுராங்கோவில் கிங் கேஜ் டைட்டானியத்தை வளைத்தது, பிறகு கார்பன் வந்தது. ஒரு வடிவம் நன்றாக ஓடினால் பெயரில்லாத நகல்கள் பின்னாலேயே வந்துவிடும்.

பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை இத்தாலியின் பெரும் சைக்கிள் பந்தயமான ஜீரோ தி இத்தாலியா 2020-ல் காட்டியது. மூன்றாம் கட்டத்தில், பந்தயம் முறைப்படி தொடங்கும் முன்பே, சாலையில் உருண்ட ஒரு பாட்டில் பந்தயக்காரர் ஜெரைன்ட் தாமஸின் முன்சக்கரத்தில் சிக்கியது. இடுப்பெலும்பில் விரிசல், பந்தயம் முடிந்தது. கல் பாவிய பாரிஸ்–ரூபே பந்தயத்துக்கு மெக்கானிக்குகள் லேசான கேஜைக் கழற்றிவிட்டு உலோகக் கேஜை மாட்டுவதும், உள்ளே சொரசொரப்பான நாடா ஒட்டுவதும் அதற்காகத்தான். 2021-ல் கண்ட இடத்தில் பாட்டில் எறியவும் தடை வந்தது. அந்த வாரமே ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் ரசிகர்களை நோக்கிப் பாட்டில் வீசிய மிக்கேல் ஷார் வெளியேற்றப்பட்டார். சிறுவனாக இருந்தபோது தனக்குக் கிடைத்த ஒரு பாட்டில்தான் தன்னைப் பந்தயக்காரனாக்கியது என்று அவர் எழுதியதும் உலகம் உருகியது, தண்டனை தளர்ந்தது.

ஆக, தேர்வு செய்யும் வரிசை வரலாற்று வரிசைதான். முதலில் பாட்டில்: நீங்கள் தினமும் எடுத்துப் போகும் பாட்டிலைக் கடைக்கே கொண்டுபோய்ச் செருகித் தலைகீழாகக் குலுக்குங்கள். அடுத்து ஃபிரேம்: சின்ன ஃபிரேமில் பாட்டிலை மேல்நோக்கி உருவ இடமிருக்காது, எந்தக் கையால் குடிப்பீர்களோ அந்தப் பக்கம் திறக்கும் கேஜ் வேண்டும். பிறகு சாலை: மேடுபள்ளம் அதிகமென்றால் இறுக்கமான உலோகம் அல்லது நல்ல பிளாஸ்டிக். கார்பன் ஃபிரேமில் போல்ட்டை 2–3 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால் பெரும்பாலும் போதும், கையேட்டைப் பாருங்கள். எடை கடைசியில். அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் வித்தியாசம் 30 கிராம் இருந்தால் பெரிது. அது ஒரு மடக்குத் தண்ணீரின் எடைதான்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் சொன்னபடியெல்லாம் வளைந்த இந்தக் கம்பி இப்போது பிறரை வளைக்கிறது. 2019-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன் மின்சார ரோட் பைக்குக்கு 160 வாட்-மணி கூடுதல் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்தது. அதை எங்கே வைப்பது என்று புதிதாக இடம் தேடவில்லை. பேட்டரியைத் தண்ணீர் பாட்டிலின் வடிவத்தில் செய்து, சீட் டியூபில் இருக்கும் கேஜுக்குள் செருகிவிட்டார்கள். எடை சுமார் ஒரு கிலோ. அதைப் போடுகிறவர் 20 கிராம் கேஜைத் தேடிப் போகவேண்டாம்.