ஆங்கிலத்தில் பொருள் மயங்கும் சொற்கள்

ஒலியாலோ வடிவத்தாலோ ஒன்றையொன்று ஒத்து, அர்த்தத்தால் வேறுபட்டு, அம்மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்களையும் தடுமாறச் செய்யும் சொல்லிணைகள் ஆங்கிலத்தில் மிகப் பல. இதற்கு முதற்காரணம் அம்மொழியின் சரித்திரமே. ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்த ஆங்கிலம், 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர்ப் பிரெஞ்சுச் சொற்களையும், மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் வாயிலாக இலத்தீன் சொற்களையும் ஏராளமாக ஏற்றுக்கொண்டமையால், ஒரே வேரில் கிளைத்த சொற்கள் வெவ்வேறு வழியாக, வெவ்வேறு பொருளோடு வந்து குடியேறின. நிறைவு செய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையொன்றிலிருந்து வந்த ‘காம்ப்ளிமென்ட்’ ஒரு பொருளை முழுமையாக்கும் பகுதியைக் குறிக்க, அதே வினையில் தோன்றி ஸ்பானியம், இத்தாலியம், பிரெஞ்சு ஆகியவற்றைச் சுற்றி வந்த மற்றொரு ‘காம்ப்ளிமென்ட்’ பாராட்டைக் குறிக்கிறது. எழுத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது நடுவில் நிற்கும் ஓர் உயிரெழுத்தே.

இத்தகைய மயக்கம் எழுத்துப் பிழையோடு நின்றுவிடும். கருத்தையே திரித்துவிடும் இணைகளே அதிகக் கவனத்திற்கு உரியவை. ‘இம்ப்ளை’ என்பது சொல்பவர் குறிப்பால் உணர்த்துவது. ‘இன்ஃபர்’ என்பது கேட்பவர் அனுமானித்துக்கொள்வது. விட்டுவிட்டு நிகழ்வது ‘கன்டின்யுவல்’, இடையறாது நிகழ்வது ‘கன்டின்யுவஸ்’. ‘டிஸின்டரஸ்டட்’ என்றால் தன்னலமும் பாரபட்சமும் அற்றவர். ‘அன்இன்டரஸ்டட்’ என்றால் அக்கறையே அற்றவர். வழக்கை விசாரிக்கும் நீதிபதி முன்னவராக இருத்தல் வேண்டும். பின்னவராக இருந்தால் நியாயம் கெடும். பதினேழாம் நூற்றாண்டில் இவ்விரு சொற்களும் ஒன்றன் பொருளில் மற்றொன்று வழங்கியதுண்டு என்பதைக் காட்டி, இவ்வேறுபாடு செயற்கையானது என்று வாதிப்போர் உளர். பிறப்பு எதுவாயினும், பயனுள்ள ஒரு வித்தியாசத்தைப் பிற்காலம் நிலைநாட்டியிருக்கும்போது அதைக் கைவிடுவது மொழிக்கு நஷ்டமேயன்றி லாபமன்று.

ஷெரிடன் 1775-இல் அரங்கேற்றிய ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தில், ஆடம்பரமான சொற்களை இடம் மாற்றிப் பேசும் திருமதி மாலப்ராப் என்னும் பாத்திரம் பெற்ற பிரசித்தியால், அவ்வகைப் பிழைக்கே அவள் பெயர் நிலைத்தது. இவ்விஷயத்தைச் சாஸ்திர முறையில் ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் ஹென்ரி ஃபௌலர். 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவரது ஆங்கிலப் பிரயோக அகராதியில், இணைகளும் கண்ணிகளும் என்று பொருள்படும் தலைப்பின்கீழ் இத்தகைய சொற்களை அவர் தொகுத்துள்ளார்.

ஒரே சொல் தேசத்திற்குத் தேசம் எதிர்ப்பொருள் கொள்வதும் உண்டு. ஒரு பத்திரத்தை ‘டேபிள்’ செய்தல் என்பது பிரிட்டனில் அதை உடனே விவாதத்திற்கு எடுத்துக்கொள்வது, அமெரிக்காவிலோ ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு ராணுவ அதிகாரிகள் ஒரே கருத்தினராக இருந்தும் இச்சொல்லால் நெடுநேரம் கடுமையாக வாதிட்டதைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

உயிருக்கே ஆபத்து விளைக்கக்கூடிய இணையும் ஒன்று உண்டு. ‘இன்ஃபிளேமபிள்’ என்பதன் முன்னொட்டு எதிர்மறை அன்று. எளிதில் தீப்பற்றும் என்பதே அச்சொல்லின் பொருள். ஆனால் ‘இன்’ என்னும் முன்னொட்டு வேறு பல சொற்களில் இன்மையைக் குறிப்பதால், தீப்பற்றாதது என்று எவரேனும் கருதிவிடக்கூடும் என அஞ்சி, அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920-களில் ‘ஃபிளேமபிள்’ என்னும் சொல்லையே எழுதுமாறு வற்புறுத்தியது. நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் எண்ணெய் லாரிகளில் பழைய சொல்லையே இன்றும் காணலாம். இரண்டில் எதைக் கண்டாலும் நெருப்பை அருகே கொண்டு செல்லலாகாது.