கோரமண்டல்: ஒரு பெயருக்கு எத்தனை சாட்சிகள்?

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரைக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர் கோரமண்டல். ஹௌராவுக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் ரயிலும் 1977 முதல் இந்தப் பெயரைத் தாங்கியிருக்கிறது. பெயரின் பிறப்புக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்பட்டன. சோழமண்டலம் திரிந்து கோரமண்டல் ஆயிற்று என்பது ஒன்று. பழவேற்காட்டுக்கு வடக்கே உள்ள கரிமணல் என்ற கடலோரச் சிற்றூரின் பெயரே அது என்பது மற்றொன்று. கல்லூரியில் கட்டுரை எழுதக் கற்பிக்கும் நான், ஆதாரத்தை எடைபோடும் பாடத்துக்கு இந்தப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு விளக்கங்களுமே கேட்ட மாத்திரத்தில் நம்பத் தோன்றுபவை; அதனால்தான் இது நல்ல பாடம்.

கரிமணலுக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பெயர் ‘க’வில் தொடங்குகிறது. பக்கத்தில் பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கோட்டை எழுப்பிக் கோரமண்டல் வணிகத்தை நடத்தினார்கள். அவர்கள் அண்டை ஊரின் பெயரைக் கரை முழுவதற்கும் நீட்டியிருக்கலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால், ‘இருக்கலாம்’ என்ற சொல் வரும் இடத்தில் மாணவர் பேனாவை நிறுத்திவிட்டு, இந்தப் பெயரை முதலில் எழுதியவர் யார், எப்போது என்று தேட வேண்டும்.

அப்படித் தேடினால், டச்சுக்காரருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே பெயர் புழக்கத்தில் இருந்தது தெரிகிறது. இத்தாலியப் பயணி லுடோவிகோ டி வர்தேமாவின் பயணநூல் 1510இல் அச்சேறியது. அதில் இந்தப் பெயர் இருக்கிறது. அதன் எழுத்துக்கூட்டலைக் கவனிக்க வேண்டும். ‘கோ’ என்ற ஒலியை எழுத இத்தாலியருக்கு ‘சி’, ‘ஓ’ என்ற இரண்டு எழுத்துகளே போதும். வர்தேமாவோ இடையில் ‘ஐ’ எழுத்தைச் சேர்த்து, ‘சோ’ என்று ஒலிக்கும்படி எழுதினார். போர்த்துகீசியர் ‘சி’, ‘ஹெச்’ என்ற இரட்டை எழுத்தால் தொடங்கினார்கள். அவர்கள் மொழியில் அந்த நாளில் அதுவும் ‘ச்’ ஒலிதான். பிற ஐரோப்பியர் அதே எழுத்துகளைத் தங்கள் வழக்கப்படி ‘க’ என்று வாசித்தார்கள். காதால் கேட்டு எழுதியவர்கள் வைத்த ‘ச’, கண்ணால் படித்தவர்களிடம் ‘க’ ஆகிவிட்டது. கரிமணலின் முதன்மையான பலமாகத் தெரிந்த ‘க’ இப்படித்தான் வந்து சேர்ந்தது.

‘சோழ’ எப்படி ‘சோர’ ஆகும் என்று அடுத்த கேள்வி வரும். ழகரம் பிறர் செவியில் விழுந்த வரலாறு இதற்கு விடை சொல்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு அசோகர் கல்வெட்டில் சோழர் ‘சோட’ ஆகிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி இந்தக் கரையைச் ‘சோரிங்கோய்’ மக்களின் கரை என்கிறார். 13ஆம் நூற்றாண்டின் மார்க்கோ போலோவிடம் அது ‘சோலி’. ஒரே ழகரத்தை ஒருவர் டகரமாகவும், ஒருவர் ரகரமாகவும், மற்றொருவர் லகரமாகவும் கேட்டிருக்கிறார்கள். பெயரின் பின்பாதியும் மண்டலத்தையே காட்டுகிறது: ‘மண்டல்’ என்பதில் உள்ள ‘ண்ட’ மண்டலத்தில் இருக்கிறது, மணலில் இல்லை. சோழமண்டலம் என்பது ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் ஆட்சிப் பிரிவின் பெயராகவே வழங்கியது.

பொருள்களின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். ஐரோப்பிய மாளிகைகளை அலங்கரித்த ‘கோரமண்டல் திரைகள்’ சீனாவில் செய்யப்பட்ட அரக்குப் பூச்சு மரத்தட்டிகள். இந்தக் கரையின் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நியூசிலாந்தில் கோரமண்டல் தீபகற்பம் உண்டு. 1820இல் பாய்மரத் தடிகளுக்காக அங்கே போன ‘கோரமண்டல்’ என்ற கப்பலால் வந்த பெயர் அது. பெயரை மட்டும் வைத்துப் பிறப்பிடத்தை முடிவுசெய்தால், சீனத் தச்சரின் வேலை தமிழ்த் தச்சர் கணக்கில் சேர்ந்துவிடும்.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செய்தி கால்டுவெல்லைப் பற்றியது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டபோது அவர் மணல் ஊர் விளக்கத்தை முன்வைத்தார். 1875இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைக் கைவிட்டுச் சோழமண்டலத்தை ஏற்றார். யூலும் பர்னெலும் தொகுத்த 1886ஆம் ஆண்டு அகராதியும் சோழமண்டலத்தையே உறுதியாகச் சொல்லி, கால்டுவெல்லின் இந்த மாற்றத்தையும் பதிவுசெய்தது. கால்டுவெல் பெயரைச் சொல்லி மணல் விளக்கத்தை இன்று யாராவது நிறுவ முயன்றால், அவர் எந்தப் பதிப்பைப் படித்தார் என்று கேட்க வேண்டும். அறிஞரின் பெயர் மட்டும் சான்றாகாது. எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு, எதை வைத்துச் சொன்னார் என்பவையும் சேர்ந்தால்தான் சான்று.

அதனால் என் வகுப்பில் கட்டுரைக்கு இரண்டு வரைவுகள் கேட்கிறேன். முதல் வரைவின் முடிவு இரண்டாவதில் மாறியிருந்தால் அதற்காக மதிப்பெண் குறைவதில்லை. மாற்றவைத்த சான்று எது, அது ஏன் பழையதைவிட வலுவானது என்று எழுதிக் காட்டும் மாணவர்தான் அதிக மதிப்பெண் பெறுகிறார்.