முதற்படி: மழலைப் பள்ளியின் வரலாறும் பெற்றோர் எண்ணத்தக்கனவும்

ஒரு கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில், பட்டம் பெற்றோர், பதவி பெற்றோர் ஆகியோரின் பெயர்களே முன்னிற்பது இயல்பு. இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சமுதாயத்து இளைஞர் ஏறிய படிகளை எண்ணி மகிழ்வதும் முறையே. ஆயினும் இம்மலரில் நாம் எழுதப் புகுவது மேற்படியைப் பற்றியன்று; முதற்படியைப் பற்றி.

ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் காலத்தில், மூன்று வயதுக் குழந்தையை எங்கே சேர்ப்பது என்று கேட்டுப் பெற்றோர் பலர் நம்மிடம் வருகின்றனர். அவர்கள் கையில் தனியார் பள்ளிகளின் துண்டறிக்கைகள் இரண்டு மூன்று இருக்கும். கட்டணத்திற்காக நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். "உங்கள் தெருவில் அங்கன்வாடி இருக்கிறதே?" என்று கேட்டால், "அது சோறு போடும் இடந்தானே, ஐயா" என்று விடை வரும். இவ்விடையில் ஒரு பாதி உண்மையும் ஒரு பெருந்தவறும் கலந்துள்ளன. இரண்டையும் பிரித்துக் காண வரலாறு துணை செய்யும்.

உழைப்போர் பிள்ளைகளுக்காகப் பிறந்தது

மழலைப் பள்ளி என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தோன்றிய ஒன்று என்று நம்மில் பலர் கருதுகின்றனர். வரலாறு இதற்கு மாறாகவே கூறுகின்றது. ஸ்காட்லாந்து நாட்டில் நியூ லானார்க் என்னும் ஆலையூரில், இராபர்ட் ஓவன் என்னும் பஞ்சாலை நிர்வாகி 1816-ஆம் ஆண்டில் தம் தொழிலாளரின் சிறு குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். பிள்ளைகளை அடிக்கக் கூடாது, புத்தகத்தைக் காட்டித் துன்புறுத்தக் கூடாது என்பன அவர் ஆசிரியர்க்கு இட்ட கட்டளைகள். அங்கு முதல் ஆசிரியராக அமர்ந்தவர் ஒரு நெசவாளி.

செருமனியில் பிரெடரிக் புரோபெல் 1840-இல் தம் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். பாட்டு, விளையாட்டு, கைவேலை, செடி வளர்த்தல் ஆகியவையே அங்குப் பாடங்கள். இன்று நாம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சொல்கிறோமே, அவற்றின் இறுதி இரண்டு எழுத்துகளும் இத்தோட்டத்தையே குறிப்பன.

இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார், 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் உரோமை நகரில் தம் முதற்பள்ளியைத் திறந்தார். அது அமைந்த சான் லொரென்சோ, கூலித் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஏழைக் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் காப்பாரின்றிப் படிக்கட்டுகளில் திரிந்த ஏறக்குறைய ஐம்பது குழந்தைகளே அவருடைய முதல் மாணாக்கர். இலண்டனின் டெட்போர்டு பகுதியில் 1914-இல் மக்மில்லன் சகோதரிகள் திறந்த மழலைப் பள்ளியும் ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்கானதே. இன்று பெருங்கட்டணம் பெறும் பள்ளிகளின் பலகைகளில் 'மாண்டிசோரி' என்னும் பெயரைக் காணும்போது, அப்பெயர் முதன்முதல் எவர் பிள்ளைகளுக்காக வழங்கியது என்பதை நம் பெற்றோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சென்னையில் நம் முன்னோர் கண்ட பள்ளிகள்

சென்னை மாகாணத்தில் நம் மக்கள் கல்விக்கென அரசு தனிச் சலுகைகளை அறிவித்தது 1893-ஆம் ஆண்டில்தான். அதன் மறு ஆண்டு, பிரம்மஞான சபைத் தலைவராகிய கர்னல் ஆல்காட் அடையாற்றில் 'பஞ்சமர்' இலவசப் பள்ளியொன்றை நிறுவினார். பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் முதலிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. இப்பள்ளிகளிற் பணிபுரிந்த கோர்ட்ரைட் அம்மையார் 1906-இல் வெளியிட்ட நூல், இங்குக் கிண்டர்கார்டன் முறை கையாளப்பட்டதைக் கூறுகின்றது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே சேரிப் பிள்ளைகள் உலகின் புதிய கல்வி முறையில் பயின்றனர் என்பது நாம் பெருமையுடன் அறிய வேண்டிய செய்தி.

அதே அடையாற்றுக்கு 1939-இல் மாண்டிசோரி அம்மையாரே வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அவரிடம் பயின்றோர் நாடெங்கும் பரவினர். ஆயினும் அம்முறை பெரும்பாலும் நகரத்து வசதியுள்ளோர் வீதிகளிலேயே வேரூன்றியது. ஏழைக்கெனப் பிறந்தது ஏழைக்கு எட்டாப் பொருளாயிற்று.

நம் தலைவர் ஒருவருடைய இளமை வரலாற்றையும் இங்கு நினைத்தல் தகும். இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் எழுதிய தம் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்த நாளில் தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் உடன் பயின்றோருடன் பழகவும் விளையாடவும் இயலாதிருந்ததைக் குறித்துள்ளார். சத்தாராவில் சிறுவர் அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணிச் சாக்கின்மேல் தனியே அமர்ந்து படித்தார். ஒருவருக்கு விளையாட்டு மறுக்கப்பட்டது. மற்றவருக்கு உடனிருக்கை மறுக்கப்பட்டது. மழலைப் பள்ளி தரவேண்டிய முதற்பொருள்கள் இவ்விரண்டுமே அல்லவா?

முற்றத்திற்கு வந்த பள்ளி

குசராத்தின் பவநகரில் கிஜுபாய் பதேகா என்பவர் 1920-இல் பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோதக் அம்மையார், நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் இக்கல்வி பயன்படுதல் போதாதென்று கருதி, 1945-இல் மராட்டியக் கடற்கரைச் சிற்றூராகிய போர்டியில் கிராமத்துக் குழந்தைகளுக்கான பால்வாடியைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்றவர் அனுதாய் வாக். வாங்கிய பொம்மைகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், விதை, கிளிஞ்சல், இலை ஆகியவற்றையே கருவிகளாகக் கொண்டனர்.

பள்ளி திறந்தது, ஆனால் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புப் பிள்ளைகள் அங்கு வரவில்லை. வாராத பிள்ளைகளைக் குறை கூறாமல், அம்மையார் பள்ளியையே அக்குடியிருப்பின் முற்றத்திற்குக் கொண்டு சென்றார். முதலில் நடந்தது குழந்தைகளைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடுதல். பின்னரே பாட்டும் கதையும். 'அங்கண்' என்றால் முற்றம். முற்றத்தில் நடக்கும் பள்ளி என்னும் இக்கருத்தே பின்னாளில் 'அங்கன்வாடி' என்னும் பெயராய் நாடெங்கும் வழங்கலாயிற்று. ஆகவே அங்கன்வாடி என்பது நம் முற்றத்தில் பிறந்த சொல். அதனை இழிவாகக் கருதுவோர் தம் வீட்டு முற்றத்தையே இழிவாகக் கருதுவோராவர்.

அரசும் சட்டமும்

மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பத்து இலட்சம் குழந்தைகளுக்கு இலவச மழலைப் பள்ளி இடங்கள் வேண்டுமென 1944-இலேயே சார்ஜண்ட் அறிக்கை கூறிற்று. அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு பதினான்கு வயது முடியும்வரை இலவசக் கட்டாயக் கல்வி என்றது; எந்த வயதில் தொடங்குவதென்று கீழ் எல்லை வகுக்கவில்லை. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம், கல்வியை ஆறு முதல் பதினான்கு வயதினர்க்கு அடிப்படை உரிமையாக்கிற்று. ஆறு வயதுக்குட்பட்டோர்க்கு அரசு 'முயல வேண்டும்' என்றளவில் நின்றது. நம் குழந்தையின் மூன்று ஆண்டுகள் உரிமையின் வாயிற்படிக்கு வெளியே நிற்கின்றன. இதனை இளைஞர் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. தமிழகத்தில் 1980-இல் உலக வங்கி உதவியுடன் ஊட்டச்சத்துத் திட்டமும், 1982 சூலை முதல் நாள் சத்துணவுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. இவற்றால் விளைந்த நன்மையை நம் தாய்மார் அறிவர். வரப்போரத்து மரத்தில் தூளி கட்டி நாற்று நட்ட காலம் மாறியது. தம்பி தங்கையைத் தூக்கிச் சுமக்கவென்று பள்ளியை விட்டு நின்ற மூத்த பெண்பிள்ளை மீண்டும் பள்ளிக்கு வந்தாள். ஒரு குழந்தையின் மழலைப் பள்ளி, அதன் அக்காளின் பள்ளிப் படிப்பையும் காத்தது. சோறு போடும் இடம் என்று சொல்வோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். பசித்த வயிற்றுக்குப் பாட்டும் கதையும் ஏறா. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவ்வுணவு இரக்கத்தால் இடப்படுவதன்று, குழந்தையின் உரிமை.

எனினும் அவர்கள் கூற்றில் பாதி உண்மை உண்டு என்றோம். பல மையங்களில் உணவு முறையாக நடக்க, விளையாட்டுக் கல்வி பின்தங்கியது. ஒரே பணியாளர் எடை பார்த்தல், கணக்கெழுதுதல், வீடுவீடாகச் செல்லுதல் அனைத்தையும் சுமக்கின்றார். அக்குறையால் விளைந்த இடைவெளியில்தான் தனியார் பலகைகள் எழுந்தன. அரசும் 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கிற்று.

பெற்றோர் எண்ணத்தக்கன

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல்களைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, பள்ளி எங்கே நிற்கின்றது என்று காண்க. போர்டி தந்த பாடம் இது. குழந்தை நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் நன்று. நம் குழந்தை செல்லத் தயங்கும் வீதியில் மையம் அமைந்திருப்பின், இடமாற்றம் கோரி முறையாக விண்ணப்பித்தல் கடமை.

இரண்டாவது, உட்காரும் வரிசை, தண்ணீர்க் குவளை, சோற்றுத் தட்டு ஆகிய மூன்றையும் காண்க. முன்னறிவிப்பின்றி ஒரு நாள் நண்பகலில் சென்று பார்த்தால் உண்மை விளங்கும். குழந்தைகள் கலந்து அமர்கின்றனரா? எல்லாருக்கும் ஒரே குவளைதானா? நம் பெண்கள் சமைத்ததை எல்லாரும் உண்கின்றனரா? இவற்றில் வேற்றுமை காட்டும் பள்ளி எத்துணை வண்ணச் சுவர் கொண்டதாயினும் நமக்கு வேண்டா.

மூன்றாவது, ஆசிரியர் நம் குழந்தையின் பேச்சைக் கேட்கும் விதம். வீட்டு மொழியில் அது வாய் திறக்கும்போது நகையாடுவோரிடம் விடப்பட்ட குழந்தை பேசாமற்போகும். முதல் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளிடம் இதனை நாம் பலகாலும் கண்டுள்ளோம். ஆங்கிலப் பாட்டு நான்கினைத் தடையின்றி ஒப்புவிக்கும் பிள்ளை, "தண்ணீர் வேண்டும்" என்று கேட்க அஞ்சி நிற்கும். ஆங்கிலம் நமக்கு வேண்டும். அதனை மறுப்போர் நம் பகைவரே. ஆனால் தாய்மொழியில் அச்சமின்றிப் பேசப் பழகிய நாவுக்கே ஆங்கிலமும் வசப்படும்.

நான்காவது, குழந்தையின் கை என்ன செய்கின்றது? மூன்று வயதில் எழுதுகோல் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும் பள்ளி கல்வியறியாப் பள்ளி. மாண்டிசோரி அம்மையார் சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். நம் திண்ணைப் பள்ளியிலும் மணலில் விரலால் எழுதுவதே முதற்பயிற்சி. மணல், களிமண், விதை, கதை, ஓட்டம் இவையே அவ்வயதின் பாடநூல்கள். யஷ்பால் குழு 1993-இலேயே, மழலைப் பள்ளிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாதென்றது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமும் சேர்க்கைத் தேர்வையும் நன்கொடையையும் தடுக்கின்றது.

ஐந்தாவது, கட்டடம். 2004 சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஓலைக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலி கொண்டது. வெளியேறும் வழி எத்தனை, சமையலறை எங்குள்ளது, கழிப்பறைக்கு நீர் உண்டா, அரசின் ஏற்பு உண்டா என்பவற்றைக் கேட்க நாணுதல் கூடாது. கேட்பது பெற்றோர் உரிமை.

ஆறாவது, செலவு. கடன் வாங்கி மூன்று வயதில் செலவிடும் பணம், பதினைந்து வயதில் மகளின் படிப்பை நிறுத்தும் காரணமாகிவிடக் கூடாது. மேற்சொன்ன சட்டத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்தோர்க்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டோர்க்கும் கட்டணமின்றித் தரக் கடமைப்பட்டவை. விரும்புவோர் அவ்வழியை அறிந்து விண்ணப்பிக்கலாம். அங்கும் மேற்சொன்ன ஐந்தினையும் ஆராய்ந்த பின்னரே சேர்த்தல் நன்று.

இளைஞர் கடமை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. நம் மக்களைப் பொறுத்தவரை நூற்றாண்டுகளாக வளைந்தது போதும். நம் குழந்தை ஐந்தில் நிமிரப் பழகுதல் வேண்டும்.

இதற்கு இளைஞர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொரு தெருவிலும் படித்த இளைஞர் இருவர், திங்களுக்கொரு நாள் தம் பகுதி அங்கன்வாடிக்குச் சென்று ஒரு மணி நேரம் அமர்க. குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லுக. எடைத் தராசு, தண்ணீர்த் தொட்டி, கூரை, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றில் உள்ள குறையை எழுதி, பணியாளரையும் உடன் சேர்த்துக்கொண்டு, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுக்க. பணியாளரைக் குற்றவாளியாக்காமல் துணையாளராக்கிக் கொள்வதே பயன்தரும். நம் கழகம் தன் அடுத்த ஆண்டறிக்கையில் உயர்கல்வி பெற்றோர் பட்டியலுக்கு முன்பாக, நம் பகுதியில் மழலைப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் எத்தனை பேர், செல்லாதோர் எத்தனை பேர் என்னும் கணக்கினை அச்சிட வேண்டுமென்பது நம் வேண்டுகோள். பொன்விழா மலரில் பட்டம் பெற்றோராய் இடம்பெறப் போகிறவர்கள், இன்று அம்முற்றத்தில் அமர்ந்திருக்கும் அக்குழந்தைகளே.