கையாளும் கைத்தொழிலாளனும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. மலாயாவில் வாணிப நோக்குடன் செம்பனை முதன்முதலாகப் பயிரானது, 1917ஆம் ஆண்டில், அங்கேதான். அவ்வட்டாரத் தோட்டங்களை உருவாக்கிய கரங்களுட் பல தமிழர் கரங்களே. ஆயின் அக்கரங்களுக்குத் தொழிற்சான்று கிட்டியதா?

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வேண்டுமென்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்பள்ளியோ தொடக்கக் கல்வியோடு நின்றது. 1926இல் கோலாலம்பூரில் அரசாங்கத் தொழிற்பள்ளி தோன்றியது. பின்னாளில் அங்குக் கொத்துவேலையும் தச்சுவேலையும் கற்பிக்கப்பட்டன. தோட்டப் பள்ளியிலிருந்து அதற்கு நேர்வழி இல்லை. ஆகவே, கட்டட வேலையை நாடிய தோட்டத்து இளைஞன் கொத்தனாரிடம் கையாளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே பழகினான். திறன் வந்தது, சான்றிதழ் வரவில்லை. கூலியும் அதற்கேற்பவே நின்றது.

2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை இக்குறையை நீக்க முனைகிறது. பயிலுநர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, பெரும்பகுதி வேலைத்தளத்திலும் எஞ்சியது பயிற்சி நிலையத்திலுமாகக் கற்பார். தேறியபின் திறன் சான்றிதழ் பெறுவார். சேர விரும்புவோர் இத்திட்டத்தில் பங்குகொள்ளும் நிறுவனத்தையோ, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தையோ முதலில் அணுகுக. பல்லாண்டு அனுபவமுள்ள கொத்தனாரும் தக்க ஆதாரம் காட்டி, முன்பெற்ற திறனுக்குச் சான்றிதழ் கோரலாம்.

தமிழாசிரியர்கள் இவ்வழியை மாணவர்க்கு எடுத்துரைப்பாராக. தந்தைக்குக் கிட்டாத தாள் மகனுக்கேனும் கிட்டட்டும்.