கேள்வி நேரம் (இந்திய நாடாளுமன்றம்)

அமைச்சர்கள் தத்தம் துறைகள் குறித்து உறுப்பினர்கள் எழுப்பும் வினாக்களுக்கு அவையில் விடையளிக்கும் ஒரு மணி நேரம். மக்களவையில் காலை 11 மணிக்கும், மாநிலங்களவையில் 2014 முதல் நண்பகல் 12 மணிக்கும் தொடங்குகிறது. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு வாய்மொழியாக விடை தரப்படும். துணைக் கேள்விகள் கேட்கலாம், அமைச்சரின் உண்மையான சோதனை அங்கேதான். குறியிடாதவற்றுக்கு எழுத்து வடிவ விடை மட்டுமே. வினா எழுப்பும் உரிமை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், துணைக் கேள்வி உரிமை 1909ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் வந்தன.

கேள்விகளின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் செய்த முதலீடு பற்றி 1957இல் மக்களவையில் கேள்விகள் எழுந்தன. ஆளுங்கட்சி உறுப்பினரான ஃபெரோஸ் காந்தியே அதை விவாதமாக்கினார். இது குறித்து அமைக்கப்பட்ட சாக்ளா ஆணையத்தின் விசாரணையைத் தொடர்ந்து நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலகினார். கொரோனா பரவலைக் காரணம் காட்டி, 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் கைவிடப்பட்டது.