பாளை சீவியவனும் ஏலம் எடுத்தவனும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் நமது கடலோர முஸ்லிம் ஊர்களில் தென்னை நிற்காத வளவு அரிது. ஆயினும் கள் நமக்கு விலக்கப்பட்ட பொருள். ஆதலால் கள்ளின் வரலாறும் நமக்கு வேண்டாததென ஒதுக்குவோர் உண்டு. அது தவறு. நாம் ஈண்டு பேசவருவது குடியைப் பற்றியன்று, உழைப்பைப் பற்றியே.

விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவினால் சாறு சொட்டும். காலையும் மாலையும் மரமேறி முட்டியை இறக்க வேண்டும். தென்மேற்குக் கரையில் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின்மேல் நடந்தே இதனைச் செய்வர். முட்டியினுள் சுண்ணாம்பு பூசினால் சாறு இனிப்பாகவே இருக்கும். அதனைக் காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியும் ஆகும். பூசாது விட்டால் சில மணி நேரத்திற் கள்ளாகும். மேலும் விட்டால் வினாகிரியாகும். தானே புளித்து வினாகிரியானதை நமது மார்க்கச் சட்டமும் ஆகுமானதென்றே கொள்கிறது. தந்தை ஏற, தாய் காய்ச்ச, மகன் கற்க, குடும்பமாகவே வாழ்ந்த கைத்தொழில் இது.

இத்தொழிலின் பயன் யாரைச் சேர்ந்தது? ஒல்லாந்தர் காலத்திலும், அவர்க்குப் பின் பிரித்தானியர் காலத்திலும் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலம் எடுத்த குத்தகைக்காரர் தவறணைகள் வைத்துப் பெரும்பொருள் ஈட்டினர். அப்பொருள் தோட்டங்களாகவும் காரீயச் சுரங்கங்களாகவும் பெருகி, இலங்கை முதலாளி வர்க்கத்தின் மூலதனமாயிற்று. குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுநூல் இதனை விரிவாகக் காட்டுகிறது. மரமேறியவனோ உயிரைப் பணயம் வைத்தும் ஏழையாகவே இருந்தான்; வடக்கிற் சாதியின் பெயராலும் தாழ்த்தப்பட்டான்.

பிரான்சின் தென்பகுதியில், குடும்பமாகத் திராட்சை பயிரிட்டு மது வடித்த சிறு விவசாயிகளும் இவ்வாறே நசுக்கப்பட்டனர். சர்க்கரை கலந்த போலி மதுவால் விலை வீழ்ந்தபோது அவர்கள் வீதிக்கு வந்தனர். 1907 ஜூன் 9இல் மொம்பெலியே நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். நார்போனில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. அப்பகுதி மைந்தர்களைக் கொண்ட 17ஆம் படைப்பிரிவு மேலதிகாரிகளை மீறிக் கிளர்ந்தெழுந்தது. அம்மாதம் 29ஆம் நாளே கலப்பட மதுவைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று.

ஐந்தாண்டுகள் கழித்து, 1912இல், இலங்கையிலும் ஒரு சட்டம் வந்தது: மதுவரிக் கட்டளைச் சட்டம். பாளை சீவவும், வடிக்கவும், விற்கவும் அனுமதிச் சீட்டு வேண்டுமென்றது அது. அங்கே சட்டம் உற்பத்தியாளனைக் காத்தது. இங்கே அரசின் கருவூலத்தைக் காத்தது. ஏன் இவ்வேறுபாடு? அங்கே விவசாயிகள் ஒன்றுபட்டு எழுந்தனர். இங்கே சீவற் றொழிலாளனோ அடிமை நாட்டில், குரலற்றுத் தனித்து நின்றான்.

அந்நியர் போன பின்னரும் இக்கணக்கு மாறிற்றா? 1974இல் அரசு வடிசாலைக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1992இல் தனியார் கைக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளிறக்கத் தடை. ஆனால் அரசே 2003 முதல் மதுக்கடைகளைத் தன் கழகத்தின் மூலம் நடத்திவருகிறது. பனையேறி குற்றவாளி, ஆலை முதலாளி வரி செலுத்தும் பெருமகன்!

கள்ளை வெறுப்போம், அது நமது உரிமை. ஆனால் அந்த வெறுப்பை மரமேறுபவன்மீது ஏற்றுவது நியாயமாகாது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தை நமது மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், அரசுக்கு வந்த வருமானத்தோடு நின்றுவிடாமல், அவ்வருமானத்துக்காக மரமேறிய மனிதனுக்கு எஞ்சியது என்ன என்பதையும் கேட்கச் செய்வாராக.