கணக்குல வராத கிணறு

ஆம்பூர்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு மொதல்ல பிரியாணி ஞாபகம் வரும். அடுத்தது ஷூ. மூணாவதா ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி யாரும் அவ்வளவா பதிவு போடறதில்லை: கிணறு. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு பாலாற்றுப் பக்கமா இருக்கிற கிணறுங்க. இந்தப் பதிவு அதுங்களைப் பத்தினது. நடுவுல கொஞ்சம் கம்ப்யூட்டரும் கொஞ்சம் டார்வினும் வருவாங்க. பயப்பட வேண்டாம், கணக்கெல்லாம் பெருக்கல் வகுத்தல் அளவுதான் :-)

(2019லேருந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டை தனி மாவட்டம். பழைய ஆளுங்களுக்கு எல்லாமே வட ஆற்காடுதான்.)

முதல்ல கொஞ்சம் சரித்திரம். இந்தப் பக்கம் தோல் பதனிடறது ரொம்ப காலமா நடக்குது. அந்தக் காலத்துல ஆவாரம்பட்டை, கடுக்காய். ஒரு தோல் பதமாக வாரக்கணக்குல ஆகும். 1972ல சீதாராமய்யா கமிட்டி அறிக்கை வந்துச்சு. பச்சைத் தோலையும் அரைகுறையா பதனிட்ட தோலையும் ஏற்றுமதி பண்ணாம, முழுசா முடிச்ச தோலையும் தோல் பொருளையும் அனுப்பினா அந்நியச் செலாவணி அதிகம் வரும்னு சொன்னாங்க. அரசும் அப்படியே கொள்கையை மாத்துச்சு. வேகமா வேலை முடியணும்னா குரோம்தான் வழி. குரோம் பரவலாச்சு. தோல் கெடாம இருக்கப் போடற உப்பு பழையபடியே தொடர்ந்துச்சு. ரெண்டும் கழிவுத் தண்ணியோட சேர்ந்து ஏரிக்கும் ஆத்துக்கும் போச்சு.

வருஷத்துல பெரும்பாலான நாள் பாலாறு மணலாத்தான் கிடக்கும். ஆனா அடியில தண்ணி உண்டு, அந்தத் தண்ணிதான் கிணத்துக்கு வருது. அதனால மேல ஊத்தினது எல்லாம் கீழ போயி சேர்ந்துச்சு.

1991ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. வாதாடினவர் எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு. டேனரிகள் இருக்கிற பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு உதவாம போச்சுங்கிற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. 'மாசு பண்ணவனே காசு கட்டணும்' என்கிற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதின்னு நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது இந்த வழக்குலதான்.

சரி, தீர்ப்பு வந்தாச்சு. நிலத்தடி நீர் சரியாயிடுமா? 1999ல தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எம். தங்கராஜன், மேல் பாலாற்றுப் படுகையை அப்படியே கணினி மாதிரியா செஞ்சு ஒரு கட்டுரை வெளியிட்டார். மாசு வரத்தைப் பாதியா குறைச்சாக்கூட, 20 வருஷம் கழிச்சும் நிலத்தடி நீரோட உப்பு பாதிக்குக் கீழ இறங்காது என்பதுதான் அதோட சாரம். குழாயை மூடினா மட்டும் போதாது, உள்ளே போனதை வெளியே எடுக்கணும்.

இங்கதான் கணக்கு வருது. ராணிப்பேட்டையை எடுத்துக்குங்க. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் 1990களின் நடுவுல மூடினப்போ, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல குரோமியக் கழிவை அங்கேயே குவிச்சு விட்டுட்டுப் போச்சு. மழை பெய்யப் பெய்ய அதுல இருக்கிற ஆறு இணைதிற குரோமியம் கரைஞ்சு கீழ இறங்கும். கிணத்துத் தண்ணி மஞ்சளாகும். இதைச் சுத்தம் பண்ண ஒரு வழி, சரியான இடங்கள்ல போர் போட்டு, கெட்ட தண்ணியை இறைச்சு, சுத்திகரிக்கறது. எங்க போடறது? எத்தனை போடறது? எவ்வளவு இறைக்கிறது?

ஒரு உதாரணம். போர் போட 30 இடம் தோதா இருக்கு, 6 போடத்தான் காசு இருக்குன்னு வைங்க. 30ல 6 இடத்தை 5,93,775 விதமா தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு போருக்கும் அஞ்சு வேகம்னா மொத்தம் சுமார் 928 கோடித் திட்டம். ஒரு திட்டத்தைக் கணினி மாதிரியில ஓட்டிப் பாக்க ஒரு நிமிஷம்னா எல்லாத்தையும் பாக்க 17,000 வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் யாரு உக்காந்திருப்பா?

அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜான் ஹாலந்து 1975ல எழுதின புத்தகத்துல இதுக்கு ஒரு வழி இருந்துச்சு: ஜெனடிக் அல்காரிதம். நம்ம ஊர்ல விதை நெல் எடுத்து வைக்கிற மாதிரிதான். கண்ணை மூடிக்கிட்டு 100 திட்டம் போடுங்க. ஓட்டிப் பாருங்க. நல்லா வந்ததை வைங்க, மட்டமானதைத் தள்ளுங்க. இதுல பாதி அதுல பாதின்னு நல்லதுங்களைக் கலந்து புதுசா 100. அங்கங்க லேசா ஒரு எண்ணை மாத்தி விடுங்க. இப்படியே 100 தலைமுறை. மொத்தம் 10,000 ஓட்டம், ஏழு நாள்ல முடிஞ்சிரும். ஆகச் சிறந்த விடைதான்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா நல்ல விடை கிடைக்கும்.

ஏட்டுச் சுரைக்காய் இல்லைங்க. 2000களின் தொடக்கத்துல அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதை நிஜமான மூணு இடத்துல சோதிச்சுப் பாத்துச்சு. ஒண்ணு ஆரிகன் மாநிலத்து உமட்டில்லா ஆயுதக் கிடங்கு. அங்க வெடிமருந்து நிலத்தடி நீர்ல கலந்திருந்துச்சு. அனுபவசாலிங்க கையால மாத்தி மாத்தி முயற்சி பண்ணிப் போட்ட திட்டத்தை விட, இந்த மாதிரி தேடல் முறைங்க கொடுத்த திட்டம் 5லேருந்து 50 சதவீதம் வரைக்கும் மேலா இருந்துச்சு.

நம்ம நாட்டுப் பங்கும் சின்னது இல்லை. ஐஐடி கான்பூர்ல கல்யாண்மய் தேவும் அவர் மாணவர்களும் 2002ல வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 உலகம் பூரா பயன்படுது. அந்தக் கட்டுரையில மெய்யறிவன்னு ஒரு தமிழ்ப் பேரும் இருக்கு :-) அதோட விசேஷம், ஒரே விடை கொடுக்காது. இவ்வளவு செலவு பண்ணா இத்தனை வருஷத்துல சுத்தமாகும், கொஞ்சம் கூட்டினா இத்தனை வருஷம் குறையும்னு ஒரு பட்டியலே கொடுக்கும். எதை எடுக்கறதுங்கிறது மனுஷங்க கையில. கான்பூரும் தோல் ஊருதான். ஜாஜ்மாவ் டேனரிங்க மேல அதே மேத்தா போட்ட வழக்குல 1987லயே தீர்ப்பு வந்துச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். இந்த அல்காரிதத்துக்குச் சொந்தமா நல்லது கெட்டது தெரியாது. எதைக் குறைக்கணும்னு நாம எழுதிக் கொடுக்கிறோமோ அதைத்தான் குறைக்கும். எழுதாததைப் பலி கொடுக்கத் தயங்கவே தயங்காது. பாலாற்றுச் சரித்திரமும் எனக்கு அப்படித்தான் படுது. 1972ல கேட்ட கேள்வி, எதுல டாலர் அதிகம்? கிணறு அந்தக் கேள்வியில இல்லை. அப்புறம் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அழுகற கழிவைக் குறைச்சுது, உப்பு அப்படியே தாண்டிப் போச்சு. அதுக்கப்புறம் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாதுன்னு விதி வந்துச்சு. நல்ல விதிதான். ஆனா உப்பும் சகதியும் எங்க போகும்? 2015 ஜனவரி 31ல ராணிப்பேட்டையில கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்து டேனரியில தூங்கிட்டிருந்த தொழிலாளிங்க உட்பட 10 பேர் செத்தாங்க. அவங்களும் எந்தக் கணக்குலயும் வரலை.

2001ல இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய்னு கணக்குப் போட்டுச்சு. வகுத்துப் பாருங்க, ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய் கூட வராது. 2025 ஜனவரி 30ல உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாக்கி இழப்பீட்டை அரசே ஆறு வாரத்துல கொடுத்துட்டு டேனரிங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. 24 வருஷம்!

நாளைக்கு யாராவது பாலாற்றுக்குச் சுத்திகரிப்புத் திட்டம் போட்டா, கணினி கண்டிப்பா உதவும். செலவுன்னு ஒரு வரி எழுதுவாங்க, குரோமியம்னு ஒரு வரி எழுதுவாங்க. ஒரு விவசாயி தன் கிணத்துத் தண்ணியை மறுபடி குடிக்க இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கணும் என்கிறதையும் மூணாவது வரியா எழுதணும், அதை எழுதற மேசையில அவரும் உக்காரணும் என்பதுதான் என் கட்சி.

நீங்க எழுதறதா இருந்தா நாலாவது வரியா எதைச் சேர்ப்பீங்க? வேலூர்ப் பக்கத்து ஆளுங்க கண்டிப்பா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.